படகுக்கு அடியில் ஒரு டைல்ஸ் துண்டு

பிள்ளைகளா, இதை எழுதுகிற நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். கணக்குப் பாடத்தில் வாத்தியார் எனக்கு எவ்வளவோ கொடுத்தார். எல்லாவற்றையும் பரீட்சை அன்றைக்கே அவரிடம் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். செங்கோணம் ஒன்றை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். இருபது வருடமாக அதுதான் எனக்குச் சோறு போடுகிறது.

நான் டைல்ஸ் ஒட்டுகிறவன். புதுப்பட்டினத்திலிருந்து மாமல்லபுரம் வரைக்கும் எத்தனையோ குளியலறைச் சுவர்கள் என் கைவேலை. பெரிய படிப்புப் படித்து ஆராய்ச்சி செய்கிறவர்கள்கூடக் காலையில் வாய் நிறைய நுரையோடு என் சுவரைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

செங்கோணம் என்றால் பயப்படாதீர்கள். ‘ட’ என்ற எழுத்தைப் பாருங்கள். ஒரு கோடு படுத்திருக்கிறது. இன்னொன்று அந்தப் பக்கமும் சாயாமல் இந்தப் பக்கமும் சாயாமல், கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி விறைப்பாக நிற்கிறது. அவ்வளவுதான். புத்தகத்தில் தொண்ணூறு பாகை என்று போட்டிருக்கும். எங்களிடம் இரும்பில் ஒரு ‘ட’ உண்டு, அதை மூலைமட்டம் என்போம். பெரிய அறைக்கு அது பத்தாது. அப்போது ஒரு சுவரில் மூன்று அடியில் குறி போடுவேன், பக்கத்துச் சுவரில் நாலு அடியில் குறி போடுவேன். இரண்டு குறிக்கும் குறுக்கே டேப் பிடித்தால் சரியாக ஐந்து அடி வரவேண்டும். வந்தால் மூலை யோக்கியம். நான் பார்த்த வீடுகளில் பாதி மூலைகள் யோக்கியமில்லை. கேட்டால் வாஸ்துவுக்காக அப்படிக் கட்டினோம் என்பார்கள்.

சதுரத்தில் நாலு செங்கோணம், செவ்வகத்தில் நாலு. முக்கோணத்தில் ஒன்றுக்கு மேல் வைக்கவே முடியாது. இரண்டு வைத்துப் பாருங்கள், மேலே போகிற இரண்டு கோடுகளும் பாகப்பிரிவினை முடிந்த அண்ணன் தம்பி மாதிரி எத்தனை தூரம் போனாலும் சேராது. 

இந்தச் செங்கோணப் பைத்தியம் முற்றிப்போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்தில் கல் ரதத்தின் மூலையில் என் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தேன். வைத்த மாத்திரத்தில் விசில் சத்தம்.

“யோவ், இன்னா பண்ற அங்க?” என்றார் காவலாளி.

“அளக்கறேன் சார்.”

“இன்னாத்துக்கு? வாங்கப் போறியா?”

அன்றைக்கு என் மகள் பத்தடி தள்ளி, யாரோ பெற்ற பிள்ளை மாதிரி நின்றாள். அப்போதே நான் யோசித்திருக்கவேண்டும். 

எங்கள் குப்பம் கடலை ஒட்டியது. என் தெருவில் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். நான் மட்டும் போவதில்லை. வீரம் இல்லாமல் இல்லை, வாந்தி. கரையிலிருந்து நூறு கஜம் போனால் போதும், காலையில் தின்ற நாஸ்தா மீனுக்குப் போய்விடும். பெண் பார்க்கப் போனபோது இதை நாங்கள் சொல்லவில்லை. “மாப்ள தெனம் கடலுக்குப் போறவரு” என்று என் வீட்டில் சொன்னார்கள். நானும் திருவிடந்தைப் பெருமாளுக்கு மாலை போட்டு, இந்தப் பொய் கல்யாணம் வரைக்குமாவது தாங்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அந்தப் பெருமாள் தினம் ஒரு கல்யாணம் பண்ணிக்கொள்கிறவர். எனக்கு ஒன்று பண்ணிவைக்க அவருக்கு என்ன கஷ்டம்? தாலி கட்டின மூன்றாம் நாள் மச்சான் என்னைத் தன் படகில் கூட்டிக்கொண்டு போனான். திரும்பும்போது என்னைப் பாயில் சுருட்டித்தான் இறக்கினார்கள். என் மனைவி அதை இன்றைக்கும் மறக்கவில்லை, மறந்தாலும் மச்சான் ஞாபகப்படுத்துவான்.

போன வருடம் மகள் ஆறாவதுக்குப் புதுப் பள்ளியில் சேர்ந்தாள். ஒருநாள் சாயங்காலம் நான் கைகால் கழுவிக்கொண்டு வந்தபோது, மனைவி அவளுடைய டைரியைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“யோவ், இத்தப் படி.”

அறிவியல் தினத்துக்குப் படகுப் போட்டி. படகு இரண்டடி நீளத்துக்கு மேல் இருக்கக் கூடாது. மோட்டார் கூடாது, பாய் கட்டவேண்டும். தொட்டியின் பக்கவாட்டிலிருந்து மின்விசிறிக் காற்று வரும். படகு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தானாகப் போய்ச் சேரவேண்டும். பெற்றோரில் ஒருவர் கூட வரவேண்டும். ஜெயிக்கிற மூன்று படகுகள் செங்கல்பட்டில் நடக்கிற மாவட்டப் போட்டிக்குப் போகும். இதற்குக் கீழே டீச்சர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: ‘மாணவியின் தந்தை படகு கட்டுபவர் என்பதால் இவர்களது படகு மற்றவர்களுக்கு முன்மாதிரியாக அமையும் என எதிர்பார்க்கிறோம்.’

நான் இரண்டாம் முறை படித்தேன். 

“இன்னாமா இது? நான் எப்ப போட்டு கட்டினேன்?”

மகள் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டு, “சும்மா சொன்னேன்பா” என்றாள்.

“சும்மா இன்னாத்துக்கு?”

“பழைய ஸ்கூல்ல எனுக்கு இன்னா பேரு தெரியுமா? கக்கூசு டைல்ஸு. நீ அங்க வந்து டைல்ஸ் போட்ட இல்ல, அன்னிலேர்ந்து. அஞ்சாவது முடியிற வரிக்கும் அதான் பேரு. இங்க மிஸ்ஸு அப்பா இன்னா வேலன்னு கேட்டாங்க. வாய்ல வந்துருச்சு.”

கோபம் வரவில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அந்தப் பள்ளியின் கழிவறைச் சுவரை நான் எவ்வளவு சுத்தமாக ஒட்டியிருந்தேன் தெரியுமா? ஒரு கோடு விலகியிருக்காது. அதற்கு முன்னால் நின்றுகொண்டு என் பிள்ளைக்குப் பேர் வைத்திருக்கிறார்கள்.

மனைவி டைரியை மூடினாள். “என்ன மொறைக்காத. பொய் சொல்ற புத்தி உன் பக்கத்துலேர்ந்துதான் வந்துச்சு. எங்க வூட்ல யாரும் அப்டிக் கெடயாது.”

“இப்ப இன்னா பண்றது?”

“கட்டு. பத்து நாள் கீது. போட்டு ஓடலன்னா பொய்யி வெளிய வந்துரும். பழைய பேரு திரும்ப வந்து குந்திக்கும்.”

மகள் பல்லியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காகத்தான் நான் பத்து நாள் படகு கட்டுபவன் ஆனேன்.

எனக்குத் தெரிந்ததை வைத்துக் கட்டினேன். பிளைவுட் பலகை வாங்கி, அடிப்பலகை ஒரு செவ்வகம், நாலு பக்கமும் நாலு செவ்வகம். ஒவ்வொரு மூலையிலும் மூலைமட்டம் வைத்துப் பார்த்தேன். குறுக்கு அளவு இரண்டும் மயிரிழை மாறவில்லை. நடுவில் ஒரு குச்சி நட்டு, பழைய சட்டையைக் கிழித்துப் பாய் கட்டினேன். என் ஆயுளில் அவ்வளவு சுத்தமான வேலை செய்ததில்லை. அதைப் பார்க்க மச்சான் வந்தான். ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவன். என் வீட்டுக்குச் சிரிக்க வருகிறவன்.

“இன்னா மாமா இது? போட்டா, ஐஸ் பொட்டியா?”

“போட்டுடா.”

“மூடி எங்க?”

கால்வாயில் இறக்கிப் பார்த்தோம். எங்கள் குப்பத்துக்குப் பின்னால் ஓடுகிற பழைய கால்வாய், இடுப்பளவு தண்ணீர். மகள் படகை வடக்கே பார்த்து வைத்துக் கையை எடுத்தாள். காற்று கடல் பக்கமிருந்து, அதாவது கிழக்கே இருந்து வீசியது. படகு வடக்கே ஒரு சாண்கூடப் போகவில்லை. விலா எலும்பில் யாரோ குத்தியது மாதிரி அப்படியே பக்கவாட்டில் மேற்கே நகர்ந்தது, நண்டு போகிற மாதிரி. பிறகு இன்னும் கொஞ்சம் காற்று வந்ததும் குப்புறப் படுத்துவிட்டது.

“மாமா, உன் போட்டும் வாந்தி எடுக்குது பாரு” என்றான் மச்சான்.

மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் கரைக்குப் போய், அவன் படகைச் சுற்றிச் சுற்றி மூலைமட்டம் வைத்துப் பார்த்தேன். படகில் எங்கேதான் செங்கோணம் இருக்கிறது என்று தெரியவேண்டாமா? முன்மூக்கில் இல்லை. வயிற்றில் இல்லை. பக்கவாட்டில் வைத்தால் மூலைமட்டத்துக்கும் படகுக்கும் நடுவே என் கையே நுழைந்தது. வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

“யோவ் அண்ணாத்த,” என்றார் ஒருவர், “இன்னா, போட்டுக்கு டைல்ஸ் போடப் போறியா? மார்பிள்ல போடு, மீனுக்குக் கவுரவமா இருக்கும்.”

யோசித்தால் நியாயம்தான். கடவுள் படைத்ததில் மூலைமட்டம் உட்காருகிற இடம் எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை. மீனில் இல்லை, தேங்காயில் இல்லை, என் மூக்கில் இல்லை. அவர் இந்த வேலையைச் சின்ன வயதிலேயே கற்றுக்கொள்ளாமல் விட்டிருக்கவேண்டும். தண்ணீரும் அவர் பக்கம்தான். நேர்ச்சுவரை முன்னால் தள்ளிக்கொண்டு போனால் அதற்குப் பிடிக்காது, கூராகப் போனால் வழி விடும். அன்றைக்குச் சாயங்காலமே என் அழகான செவ்வகத்தின் முன்பக்கத்தை அறுத்துக் கூராக்கினேன். கை கூசியது.

கூராக்கியும் பக்கவாட்டில்தான் போனது. ஆறு நாள் மிச்சம். மகள் சாப்பிடும்போது, “எனுக்கு அன்னிக்கு ஜொரம்னு லெட்டர் குடுத்துடலாமாப்பா?” என்றாள்.

விடை வாளியில் இருந்தது. வேலை முடிந்து கரணையைக் கழுவிக்கொண்டிருந்தேன். கரணை தெரியுமல்லவா, கலவை எடுக்கிற இரும்புத் தகடு, கைப்பிடி போட்டது. வாளித் தண்ணீரில் அதைக் கத்தி மாதிரி நிறுத்தி, விளிம்பு போகிற வாக்கில் இழுத்தால் வெண்ணெயில் போகிற மாதிரி போனது. அதையே அகல வாக்கில் தள்ளினேன். தண்ணீர் எதிர்த்துக்கொண்டு நின்றது, தள்ளவே முடியவில்லை. திரும்ப இழுத்தேன், திரும்பத் தள்ளினேன். நான் வேலை பார்த்த வீட்டுக்காரம்மா வந்து, “மேஸ்திரி, ஒடம்பு சரியில்லையா?” என்று கேட்கிற வரைக்கும் அதையே செய்துகொண்டிருந்தேன்.

வீட்டுக்கு ஓடி மகளிடம் காட்டினேன். அவள் போனில் தேடி ஒரு படம் காட்டினாள். பழுது பார்க்கத் தரையில் ஏற்றி வைத்த ஒரு பாய்க்கப்பல். நாம் மேலே பார்க்கிற பாதி ஒன்றுமே இல்லை. கீழே, வயிற்றின் நடுக்கோட்டில், மீனின் முதுகுத் துடுப்பைத் தலைகீழாக வைத்தது மாதிரி ஒரு கனமான பலகை தொங்கியது. அதற்கு இங்கிலீஷில் கீல் என்று பேர். நம்மில் அடிக்கட்டை என்று சொல்லலாம். மகள் படித்துச் சொன்னாள்: கப்பல் கட்டும்போது அதைத்தான் முதலில் போடுவார்களாம். நமக்கு முதுகெலும்பு மாதிரி, அதிலிருந்துதான் விலாக்கட்டைகள் கிளம்பும். பாய்க்கப்பலுக்கு அது இன்னும் இரண்டு வேலை செய்கிறது. காற்று பக்கத்திலிருந்து தள்ளும்போது, கரணை மாதிரி தண்ணீரில் ஊன்றிக்கொண்டு, ‘பக்கத்தில் போகமாட்டேன், முன்னால்தான் போவேன்’ என்று அடம்பிடிக்கும். அதோடு கனமாக அடியில் தொங்குவதால், சாய்ந்த கப்பலைத் திரும்ப நிமிர்த்தும். குடிகாரனின் பெண்டாட்டி இரண்டு வேலையும் செய்வாள், பார்த்திருப்பீர்கள்.

“மச்சான், உன் போட்டுக்கு ஏண்டா இது இல்ல?” என்று கேட்டேன்.

“எங்குளுது எஞ்சினு. அது தள்ற பக்கம் போவும். அப்பறம், தெனம் மணல்ல ஏத்தி எறக்கணும் மாமா. இம்மாம் பெரிய கட்ட அடில இருந்தா கரைல குத்திகினு நிக்கும். நீ வந்து தள்ளுவியா? தொரமுகத்துக் கப்பலு கரைக்கே வராது, அது எவ்ளோ ஆழமா வேணா வச்சுக்கும். நீயும் பாத்துக்க, தண்ணி கம்மினா நட்டுகினு நிக்கும்.”

“போட்டி தொட்டிலடா, கடற்கரையில இல்ல” என்றேன். இந்தப் பேச்சை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

அடிக்கட்டைக்குக் கனமாக, மெல்லியதாக, நேராக ஒன்று வேண்டும். அது என் வீட்டு மூலையில் அடுக்கிக் கிடந்தது. தரைக்குப் போடுகிற டைல்ஸில் ஒரு துண்டு, அரையடி ஆழத்துக்கு வெட்டினேன். படகின் அடியில் நடுக்கோடு போட்டு அதில் நீளப் பள்ளமாக ஒரு காடி எடுத்து, டைல்ஸைச் செருகிப் பசை போட்டேன். அப்போதுதான் ஒன்று புரிந்தது. டைல்ஸ் ஒரு பக்கம் சாய்ந்தால் படகும் அந்தப் பக்கம் கோணும். அடிப்பலகைக்கும் டைல்ஸுக்கும் நடுவே சரியாக ஒரு செங்கோணம் வேண்டும். படகு முழுக்கத் தேடியும் கிடைக்காதது அடியில் இருந்தது. மூலைமட்டத்தை வைத்துப் பிடித்துக்கொண்டு, பசை காய்கிற வரைக்கும் நான் கையை எடுக்கவில்லை. மூக்கில் கொசு உட்கார்ந்தபோதும் எடுக்கவில்லை.

பாயை மகள் பார்த்துக்கொண்டாள். நான் அதைப் படகுக்குக் குறுக்கே செங்கோணத்தில் கட்டியிருந்தேன், வேறு எப்படிக் கட்டுவேன்? பக்கக் காற்றுக்கு அது சும்மா படபடத்தது. அவள் அதைச் செங்கோணத்தில் பாதிக்குத் திருப்பிக் கட்டினாள். கால்வாயில் விட்டோம். காற்று கிழக்கே இருந்து அடித்தது. படகு கொஞ்சம் சாய்ந்தது, நிமிர்ந்தது, பிறகு வடக்கே பார்த்துப் போயே விட்டது. மச்சான் அதைப் பிடிக்க இடுப்பளவு தண்ணீரில் ஓடினான். திரும்பி வந்து, “கருமாந்தரம், ஓடுது மாமா” என்று மட்டும் சொன்னான்.

போட்டி அன்று மகள் என்னைத் தலைமுதல் கால்வரை சோதித்தாள். நகத்தில் வெள்ளை சிமெண்ட் இருந்தது, பழைய பிரஷ்ஷால் தேய்க்கவைத்தாள். வண்டியின் பக்கப்பெட்டியில் வேலைச் சாமான் இருந்தது. “அத்தப் பூட்டி வைப்பா, யாரும் பாக்கக் கூடாது” என்றாள். பூட்டினேன். 

பள்ளி மைதானத்தில் காற்று ஊதின நீளமான பிளாஸ்டிக் குளம் ஒன்றை விரித்திருந்தார்கள். பக்கத்தில் நிற்கிற மின்விசிறி இரண்டு. ஒயர் தண்ணீரில் படாமல் பார்த்துக்கொள்ள ஒரு வாத்தியார், அவரைப் பார்த்துக்கொள்ள இன்னொரு வாத்தியார். டீச்சர் என்னைப் பார்த்ததும் கையைக் கூப்பினார்.

“வாங்க சார், உங்களுக்காகத்தான் காத்துட்டிருக்கோம். பசங்களா, படகு கட்டுறவர் வந்திருக்கார் பாருங்க.”

நான் சிரித்தேன். பெண் பார்க்கப் போன அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பு.

தெர்மகோல் படகுகள் ஒவ்வொன்றாக இறங்கின. எல்லாம் நண்டு நடை நடந்து விளிம்பில் போய் ஒட்டிக்கொண்டன. இரண்டு கவிழ்ந்தன. ஒரு பெண் ஷாம்பு பாட்டிலைப் படுக்கவைத்து, அதன் வயிற்றில் மர ஸ்கேல் ஒன்றைச் செருகிக்கொண்டு வந்திருந்தாள். அது மட்டும் விறுவிறுவென்று மறுமுனைக்குப் போனது. பத்து நாள் நான் பட்ட பாட்டை இவள் ஒரு ஷாம்பு பாட்டிலில் முடித்துவிட்டாளே.

எங்கள் முறை. மகள் படகைத் தண்ணீரில் வைத்தாள், கையை எடுத்தாள். காற்று பாயில் நிறைந்தது. படகு அசையவில்லை. அவள் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். அசையவில்லை. குனிந்து பார்த்தேன். அன்று பள்ளி மோட்டார் மக்கர் பண்ணியிருந்ததால், குளத்தில் அரையடி தண்ணீர்தான் விட்டிருந்தார்கள். என் டைல்ஸ் அரையடி. படகின் வயிறு வேறு தண்ணீரில் கொஞ்சம் முங்கும். டைல்ஸ் குளத்தின் தரையில் ஊன்றிக்கொண்டு, எங்கள் கரையில் குத்தி நிற்கும் என்று மச்சான் சொன்ன அதே மாதிரி நின்றது.

“நங்கூரம் போட்டுட்டாங்கடோய்!” என்று கூட்டத்தில் ஒரு குரல். சிரிப்பு.

“சார்,” என்றார் டீச்சர், கிண்டலாக இல்லை, நிஜமாகவே புரியாமல், “நீங்க இதே தொழில்ல இருக்கறவர். ஆழம் பாக்கலையா?”

இரண்டு அங்குலம் வெட்டினால் ஓடும். வெட்டுகிற கட்டர் வாசலில் வண்டிப்பெட்டிக்குள் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு வந்தால் நான் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒன்றும் செய்யவில்லை. “இது கடல் தண்ணிக்குக் கட்டினது மேடம், நல்ல தண்ணில மெதக்காது” என்று ஒரு பொய்யைத் தொண்டை வரைக்கும் கொண்டுவந்தேன். படகு தோற்றால் தோற்கட்டும், என் பிள்ளைக்கு அந்தப் பேர் மட்டும் வரவேண்டாம் என்று நினைத்தேன்.

மகள் படகைத் தண்ணீரிலிருந்து தூக்கினாள். அடியில் டைல்ஸ் பளபளவென்று தெரிந்தது. பூப்போட்டது வேறு.

“மிஸ், ரெண்டு நிமிஷம் டைம் குடுங்க,” என்றாள். “எங்கப்பா வெட்டிக் குடுத்துருவாரு. அவரு டைல்ஸ் போடறவரு. வண்டில கட்டர் கீது.”

பக்கத்தில் நின்ற பெண் கேட்டாள்: “போட்டு கட்றாருன்னு சொன்னே?”

“பொய் சொன்னேன்.” அவ்வளவுதான் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்து, “இன்னாப்பா நிக்கிற? ஓடு!”

ஓடினேன். கட்டர், குறடு, மூலைமட்டம் மூன்றையும் அள்ளிக்கொண்டு வந்தேன். மண்ணில் குந்தி, படகைக் கவிழ்த்து மடியில் வைத்தேன். மூலைமட்டத்தை அணைத்துவைத்து ஒரு கோடு இழுத்தேன். கண்ணாடியில் கீறுகிற மாதிரி கீச்சென்றது. சுற்றி நின்ற பிள்ளைகள் பல்லைக் கடித்தார்கள். குறடால் பிடித்து ஒரு அழுத்து. டக். இரண்டு அங்குலத் துண்டு கையோடு வந்தது, கோடு போட்ட இடத்தில், ஒரு பிசிறு இல்லாமல்.

“ஹை,” என்றது யாரோ.

கனம் குறைந்துவிட்டதே, சாயுமே என்று நான் முனகினேன். மகள் அந்த வெட்டின துண்டை என் கையிலிருந்து பிடுங்கி, படகுக்குள் நடுக்கோட்டில் படுக்கவைத்தாள். தண்ணீரில் இறக்கினாள்.

போனது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மச்சான் வீடு திரும்புகிற மாதிரி சாய்ந்து சாய்ந்து போனது, ஆனால் போனது. நடுவில் ஒருமுறை நின்று யோசித்தது. நான் திருவிடந்தைப் பெருமாளைக் கூப்பிட்டேன். பழைய பொய்யை மறந்து உதவினார் போலிருக்கிறது. மறுமுனையில் படகு மூக்கால் இடித்தபோது, எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினவன் நான்தான்.

எங்களுக்குப் பிறகு இறங்கின ஒன்றையும் சேர்த்து, போய்ச் சேர்ந்தவை மொத்தமே மூன்று. நேரத்தில் நாங்கள் கடைசி. ஆகவே மூன்றாம் பரிசு. ஷாம்பு பாட்டிலுக்கு முதல் பரிசு. அந்தப் பெண்ணின் அப்பா என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. அவள் அவரைக் கூட்டிக்கொண்டே வரவில்லை, அம்மாவோடு வந்திருந்தாள்.

எல்லாம் முடிந்து வண்டியில் படகைக் கட்டிக்கொண்டிருந்தபோது டீச்சர் வந்தார். இப்போது திட்டு விழும் என்று நானும் மகளும் ஒரே நேரத்தில் தலையைக் குனிந்தோம். 

“சார்,” என்றார், குரலைத் தணித்து. “நீங்க நிஜமாவே டைல்ஸ் வேலை பாக்கறவரா?”

“ஆமாம்மா. மன்னிச்சுக்கங்க.”

“மன்னிப்பு இருக்கட்டும். கேர்ள்ஸ் டாய்லெட்ல சுவரெல்லாம் பெயர்ந்து விழுது. யாரைக் கூப்பிட்டாலும் வரமாட்டேங்கிறாங்க. கொஞ்சம் பாக்கறீங்களா?”

நான் மகளைத் திரும்பிப் பார்த்தேன். உலகத்தில் எத்தனையோ இடம் இருக்கும்போது திரும்பவும் அதே இடம். “இல்ல மேடம், எனுக்கு வேல ஜாஸ்தி” என்று சொல்ல வாயெடுத்தேன்.

அவள் பெட்டியைத் திறந்து டேப்பை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்துவிட்டாள். பின்னாலேயே நாலைந்து பெண்கள், ஷாம்பு பாட்டில்காரி உட்பட. உள்ளே போனால் பாதிச் சுவர் தரையில் கிடந்தது. மீதிச் சுவர் எப்போது விழலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தது. மகள் ஒரு மூலையில் குந்தினாள். மூன்று அடியில் சாக்பீஸால் ஒரு குறி, நாலு அடியில் ஒரு குறி. ஒரு முனையை ஷாம்பு பாட்டில்காரியிடம் கொடுத்து, “ஆட்டாம புடி” என்று அதட்டினாள். பிறகு டேப்பில் கண்ணை வைத்துப் பார்த்தாள்.

“அஞ்சு வரலப்பா. ஒண்ணர இஞ்சு கூட கீது.”

“நல்லாப் பாரு.”

“பாத்துட்டேன். யார்ப்பா இத்தக் கட்டினது? ஒரு மூலகூட ஒழுங்கா இல்ல. மிஸ், இது மேல டைல்ஸ் போட்டா திரும்ப உழுந்துரும். மொதல்ல செவுத்தச் சரி பண்ணணும்.”

டீச்சர் என்னைப் பார்த்தார். நான், “பாப்பா சொல்றது கரெக்ட்டும்மா” என்றேன்.